பதுக்கையில் வைத்த நெல்

1

பழனி மலைத்தொடரின் கல்திட்டைகளை விரிவாக ஆராய்ந்து எழுதியவர்கள் இரண்டு யேசு சபைக் குருக்கள்: அங்லாத், நியூட்டன். அவர்களுடைய ஆய்வை 1928ல் இந்தியத் தொல்லியல் துறை தன் நினைவேட்டு வரிசையில் 36வது எண்ணாக வெளியிட்டது. இச்சபையின் திருஇருதயக் கல்லூரி 1895லிருந்து செண்பகனூரில் இருந்து வந்திருக்கிறது. தத்துவம் படித்தார்கள், செடிகொடிகளைச் சேகரித்தார்கள், பூச்சிகளைக் குத்தி வைத்தார்கள், கல்லறைகளை அளந்தார்கள். இந்தப் பட்டியலில் கடைசியாக வருவதுதான் என்னை நிறுத்துகிறது. காலையில் எழுந்து 'சரீர உத்தானத்தை' விசுவசிப்பதாகச் சொல்லிவிட்டு, பகலில் மலைச்சரிவில் இறங்கி, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எவரும் எழுந்து வராத கல்லறைகளின் நீள அகலங்களைக் குறித்துக்கொள்ளும் ஒரு மனிதனின் மனசில் என்ன நடந்திருக்கும்? அந்த நூலில் இதற்குப் பதில் இல்லை. அது அளவுகளின் நூல். ஆனால் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

பெருமாள்மலை, பேத்துப்பாறை, தாண்டிக்குடி என்று இந்த மலையின் நடுமட்டம் முழுவதும் இத்தகைய கற்கள். மூன்று பக்கம் பலகைக் கல் நிறுத்தி மேலே ஒரு மூடுகல். ஊர்க்காரர்கள் 'குள்ளர் குகை' என்கிறார்கள். இறந்தவர்களுக்காகக் கட்டிய வீடு என்பது மறந்து, குட்டையான மனிதர்கள் வாழ்ந்த வீடு என்றாகிவிட்டது. கல்லறை வீடாக நினைக்கப்படுவதில் ஒரு பிழையும் ஒரு உண்மையும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இன்று காலி. காலம் கொஞ்சம் காலி செய்தது, புதையல் தேடியவர்கள் மீதியைச் செய்தார்கள்.

கொடைக்கானல் என்ற ஊரே சாவுக்குப் பயந்து பிறந்ததுதான். 1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து மிஷன் தொடங்கிய அமெரிக்கர்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் மனைவிமாரையும் குழந்தைகளையும் வரிசையாகப் பறிகொடுத்தபின், 1845ல் மேலேறி வந்து இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1860களில் பிரெஞ்சு யேசு சபையினர் சலேத் மாதா கோயிலைக் கட்டினார்கள். ஏரி வந்தது, பங்களாக்கள் வந்தன, 1901ல் பள்ளிக்கூடம் வந்தது. கூடவே கல்லறைத் தோட்டங்களும் வந்தன. சாவிலிருந்து தப்பி வந்தவர்கள் சாவைக் கூடவே அழைத்து வந்தார்கள். ஆக, இந்த மலையில் இரண்டு ஜாதிக் கல்லறைகள்: பெயரில்லாத கல்திட்டைகள், பெயரும் தேதியும் வேத வசனமும் பொறித்த சிலுவைக் கல்லறைகள். முதல் வகை எதையோ எதிர்பார்த்தது. எதை என்று நமக்குச் சொல்லவில்லை. இரண்டாவது வகை எதை எதிர்பார்க்கிறது என்பதைக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த எதிர்பார்ப்பைப் பற்றியே இந்தக் கட்டுரை. நான் விசுவாசி அல்ல. ஒரு மதம் எந்த ஒற்றை ஆணியில் தன் முழு எடையையும் தொங்கவிட்டிருக்கிறது என்று பார்ப்பது, அந்த மதத்திற்கு வெளியே நிற்பவனுக்கும் அவசியமான காரியம்.

2

மலைக்குக் கீழே, பழனிக்குத் தென்மேற்கில், பொருந்தல் என்ற ஊரில் 2009, 2010 ஆண்டுகளில் கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. ஒரு பதுக்கைக்குள் நான்கு கால் ஜாடி ஒன்று. அதில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். பக்கத்தில் ஒரு பிரிமணை. அதில் தமிழ்-பிராமியில் 'வயர' என்று வாசிக்கப்பட்ட எழுத்துகள். நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிக் காலம் கணித்ததில் கி.மு. 490 என்று வந்தது. எழுத்தின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் சண்டையிட்டுக்கொண்டார்கள். பத்திரிகைகளும் எழுத்தைத்தான் கொண்டாடின. நெல்லைப் பற்றி, அது காலத்தைச் சொன்னது என்பதற்கு மேல், யாரும் அதிகம் பேசவில்லை.

எனக்கு அந்த நெல்தான் முக்கியமாகப் படுகிறது. செத்தவனுக்குப் பசிக்கும் என்று நினைத்து வைத்தார்களா, போகும் இடத்தில் விதைப்பான் என்று வைத்தார்களா? இரண்டில் எது என்றாலும், உடல் என்பது உதறிவிட்டுப் போகவேண்டிய சட்டை என்று அவர்கள் நினைக்கவில்லை. ஆத்மாவுக்கு நெல் எதற்கு? இடம் அகன்ற தாழியாகச் செய் என்று குயவனைக் கேட்கும் புறநானூற்றுப் பெண்ணும் இந்த உலகத்தைச் சேர்ந்தவள்தான். கணவனோடு தானும் அந்தத் தாழிக்குள் இருக்க வேண்டும் என்பதில் அவளுக்கு உடல்தான் பேச்சு. தத்துவங்கள் வந்து உடலை இழிவாக்குவதற்கு முன்னால், அல்லது அவை வந்தபோதும் அவற்றைக் காதில் வாங்காமல், தமிழன் தன் செத்தவர்களை உடம்போடு நினைத்திருக்கிறான்.

பொருந்தலில் அந்த நெல்லை வைத்துச் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, மத்தியதரைக் கடலின் ஓரத்தில், தார்சு நகரத்துப் பவுல் என்ற யூதன் கொரிந்தியருக்கு ஒரு கடிதம் எழுதினான். கி.பி. 50களின் நடுப்பகுதி, சுவிசேஷங்கள் எழுதப்படுவதற்கு முன்பு. கொரிந்தில் சிலர், இறந்தவர்கள் எழுவது என்பதெல்லாம் கிடையாது என்றார்கள். கடவுள் இல்லை என்று சொன்னவர்கள் அல்ல, சபைக்குள் இருந்தவர்கள்தான். பவுல் வளைந்து கொடுக்கவில்லை. கிறிஸ்து எழவில்லையென்றால் நான் பேசியது வெறும் பேச்சு, உங்கள் விசுவாசம் வெற்று விசுவாசம், நாம் மனிதர்களிலேயே மிகப் பரிதாபமானவர்கள் என்ற பொருளில் எழுதினான். தன் மதத்தை இவ்வளவு அபாயகரமான இடத்தில் நிறுத்திய இன்னொரு மதத்தலைவனை எனக்குத் தெரியாது. பிறகு, எந்த உடம்போடு எழுவார்கள் என்று கேட்பவனுக்கு அவன் காட்டுவது விதை. நீ விதைப்பது வெறும் மணி. வருவது அந்த மணி இல்லை, ஆனால் அந்த மணியின்றி வருவதும் இல்லை.

பொருந்தலுக்கும் பவுலுக்கும் எந்தச் சரித்திரத் தொடர்பும் இல்லை. அப்படி ஒன்றைக் கற்பித்துக்கொள்வது அசட்டுத்தனம். வித்தியாசம்தான் முக்கியம். பொருந்தலில் செத்தவனோடு விதையை வைத்தார்கள். பவுல் செத்தவனையே விதை என்கிறான்.

3

மதுரைக்கு 1606ல் வந்த ராபர்ட் டி நொபிலி தமிழிலிருந்தும் சமஸ்கிருதத்திலிருந்தும் தயக்கமில்லாமல் கடன் வாங்கினார். குரு, பூசை, கோயில், மந்திரம் எல்லாம் அவருக்கு ஒத்துப்போயின. காவியுடுத்தினார், பூணூல் போட்டார், மாமிசத்தை விட்டார். ஆனால் ஒரு கருத்தோடு மட்டும் அவரால் சமாதானம் செய்துகொள்ள முடியவில்லை. அதற்காகத் தனி நூலே எழுதவேண்டி வந்தது: புனர்ஜென்ம ஆக்ஷேபம். இருபதாம் நூற்றாண்டில் ராசமாணிக்கம் அடிகளார் நொபிலியின் தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தபோது நமக்குப் படிக்கக் கிடைத்தவை இவை. எல்லா ஆடைகளையும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தவர் இந்த ஒரு இடத்தில் ஏன் பிடிவாதம் பிடித்தார்?

மறுபிறப்பில் உடல் ஒரு வாடகை வீடு. ஒருவன் காலி செய்து இன்னொன்றுக்குப் போகிறான். போகும்போது ஞாபகங்களை விட்டுவிட்டுப் போகிறான். கர்மம் கூட வருகிறது. முகம் வருவதில்லை, பெயர் வருவதில்லை. உயிர்த்தெழுதலில் இது தலைகீழ். இவன்தான், இந்தப் பெயரோடு, இந்தத் தழும்போடு. யோவான் சுவிசேஷத்தில் தோமா விரல் வைத்துப் பார்க்கக் கேட்பது ஆணி பாய்ந்த இடத்தை. எழுந்தவன் உடம்பில் காயம் ஆறிப் போய்விடவில்லை. இந்த ஒரு விவரத்தில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. நடந்தது நடக்காததாகிவிடவில்லை, கொலை மறைக்கப்படவில்லை, சரித்திரம் அழிக்கப்படவில்லை. அது தோற்கடிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இதை ஆத்மாவின் அழியாமையோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கிரேக்கச் சரக்கு. நமக்கும் பழக்கமான சரக்கு. ஏதென்ஸில் பவுலின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், செத்தவர்கள் எழுவார்கள் என்றவுடன் சிரித்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆத்மா வாழும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். லாசருவின் கதையோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. லாசரு திரும்பி வந்தான், மறுபடியும் செத்தான். இயேசுவைப் பற்றிச் சொல்லப்படுவது திரும்பி வந்ததை அல்ல. சாவைத் தாண்டி அந்தப் பக்கம் போனதை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பழைய எபிரேய நூல்களின் பெரும்பகுதியில் செத்தவர்களின் எதிர்காலத்தைப் பற்றி அக்கறை குறைவு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோகஸ் என்ற அரசன் யூதர்களை அவர்கள் சட்டத்தை மீறச் சொல்லிக் கொன்றபோதுதான், தானியேல் நூலிலும் இரண்டாம் மக்கபேயர் நூலிலும், செத்தவர்கள் எழுவார்கள் என்ற குரல் உரக்கக் கேட்கிறது. தாயின் கண்முன் ஏழு பிள்ளைகள் சித்திரவதை செய்யப்பட்டுச் சாகிறார்கள். நாக்கை நீட்டு, கையை நீட்டு என்கிறார்கள். இதைத் தந்தவன் திரும்பத் தருவான் என்று சொல்லிப் பிள்ளை கையை நீட்டுகிறான். இது மறுமையைப் பற்றிய ஆர்வத்தில் பிறந்த தத்துவம் இல்லை. வழக்கு. நியாயமாக நடந்தவன் ஏன் துண்டாக்கப்பட்டான், அவனுக்கு யார் பதில் சொல்வது என்ற வழக்கு. எருசலேம் கோயிலைக் கையில் வைத்திருந்த சதுசேயர்களுக்கு இந்த நம்பிக்கை பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. இருப்பவர்களுக்கு எதற்கு மறுவிசாரணை?

4

நம் மண்ணில் இதற்கு நெருக்கமானவை இல்லையா? இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் 'மேல்நாட்டு நம்பிக்கை' என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம்.

கொடைக்கானலின் குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், கீழே பழனிக் குன்று தெரியும். அங்கே முருகனின் நவபாஷாணச் சிலையைச் செய்தவராகச் சொல்லப்படும் போகரின் சமாதி. போகர் சாகவில்லை, உடம்போடு உள்ளே போனார் என்பது சம்பிரதாயம். சித்தர் மரபு உடலைப் பழித்த மரபு மட்டுமல்ல. உடலை அழியாததாக ஆக்க முனைந்த மரபும்கூட. ஆனால் அது சாதனை: ரசவாதம், மூலிகை, மூச்சு. முயன்றவனுக்குக் கிடைக்கும். முயல முடியாமல் செத்துப்போன கூலிக்காரனுக்கு அங்கே எதுவும் இல்லை.

இன்னும் நெருக்கமானவர் ராமலிங்க வள்ளலார். 1867ல் வடலூரில் தருமசாலை, 1872ல் ஞானசபை. பிணத்தைச் சுடாதீர்கள், புதையுங்கள், இறந்தவர்கள் எழுப்பப்படுவார்கள் என்றார். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. 1906ல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரநூலில் பிரான்சிஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி இதைக் கூட்டாமல் குறைக்காமல் குறித்து வைத்திருக்கிறார். உடல் எழும் என்று சொன்ன அதே மனிதர்தான் பசியை முதல் பிரச்னையாகக் கண்டு, அணையாத அடுப்பை ஏற்றினார் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. உடல் பொய் என்பவனுக்குப் பசியும் பொய்யாகத்தானே இருக்க வேண்டும்.

ஆனால் வள்ளலாரின் காலி அறை, கல்திட்டையின் காலியைப்போலவே, தன்னளவில் எதையும் நிரூபிப்பதில்லை. காலியான கல்லறைகள் இந்த மலையில் நிறைய இருக்கின்றன. இதைக் கிறிஸ்தவ மூலநூல்களே அறிந்திருக்கின்றன. உடம்பைச் சீடர்கள் திருடிவிட்டார்கள் என்ற பேச்சை மத்தேயு பதிவு செய்கிறான். யோவானில் மகதலா மரியாளே முதலில் நினைப்பது, யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்றுதான். பவுலின் கடிதத்தில் காலிக் கல்லறை என்ற பேச்சே இல்லை. பார்த்தவர்களின் பட்டியல் இருக்கிறது, அவர்களில் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்ற குறிப்போடு. போய்க் கேட்டுப் பார் என்பதுதான் அதன் அர்த்தம்.

மூன்றாவது ஒப்புமை நம் கிராம தெய்வங்கள். நா. வானமாமலை முத்துப்பட்டன் கதையையும் காத்தவராயன் கதையையும் பதிப்பித்தபோது நம் இலக்கிய உலகம் அவற்றை 'நாட்டுப் பாடல்' என்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டது. கொலையுண்டவன் தெய்வமாகிறான், இதுதான் அக்கதைகளின் எலும்பு. சாதி கடந்து காதலித்த காத்தவராயன் கழுவேற்றப்படுகிறான். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான். பிறகு பீடம் எழுகிறது, படையல் வருகிறது. சிலுவை என்பது ரோமானியர்களின் கழு. அடிமைக்கும் கலகக்காரனுக்கும் உரியது. அந்த அளவில் நாசரேத்தூர் இயேசுவின் கதை தமிழ்க் கிராமத்தானுக்கு விளக்கம் இல்லாமலே புரிந்திருக்க வேண்டிய கதை. பெரிய வெள்ளியன்று தூம்பாவில் வைத்துச் செத்த உடம்பைச் சுமந்துபோகும்போது நம் கத்தோலிக்க ஊர்களில் எழும் ஒப்பாரி கடன் வாங்கிய ஒப்பாரி இல்லை.

ஆனால் பிரிகிற இடத்தையும் பார்க்க வேண்டும். மதுரைவீரன் மீனாட்சி கோயிலின் வாசலில் காவல் நிற்கிறான். கொன்ற ஒழுங்கு அப்படியே இருக்கிறது. கொல்லப்பட்டவனுக்கு அதன் வாசலில் ஒரு வேலை கிடைக்கிறது. கொன்றவனின் வாரிசும் கொல்லப்பட்டவனின் வாரிசும் சேர்ந்து கிடா வெட்டுகிறார்கள். பயம் தணிகிறது. தீர்ப்பு மாறவில்லை. உயிர்ப்பைச் சொன்னவர்கள் சொன்னது வேறு: நீங்கள் கொன்றீர்கள், கடவுள் எழுப்பினார். பேதுருவின் பிரசங்கங்களாக அப்போஸ்தலர் நடபடிகளில் இருப்பவை எல்லாவற்றின் முதுகெலும்பும் இந்த இரண்டு வினைச்சொற்கள்தான். கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு இரண்டும் கொடுத்த தீர்ப்பு ரத்தாகிவிட்டது. பிலாத்துவும் ஆசாரியனும் நிரந்தரமாகத் தவறானவர்கள் என்று பதிவாகிவிட்டது. சமாதானப் படையல் அல்ல இது.

5

இந்த இடத்தில் நம்மில் படித்தவர்கள் நெளிய ஆரம்பிப்பார்கள். நடந்ததா இல்லையா என்பது முக்கியமா? அர்த்தம்தானே முக்கியம்? இந்தக் கேள்வி இந்தியாவில் பழையது. ராம்மோகன் ராய் 1820ல் இயேசுவின் போதனைகளைத் தனியே பிரித்துத் தொகுத்தார். அற்புதங்களும் உயிர்ப்பும் விடுபட்டன. செராம்பூர் பாதிரிகள் கொதித்தார்கள். 1931 கிறிஸ்துமஸ் அன்று லண்டனிலிருந்து திரும்பும் கப்பலில் பேசிய காந்தி, இயேசு என்ற மனிதன் இருந்ததே இல்லை என்று யாராவது நிரூபித்தாலும் மலைப்பிரசங்கம் தனக்கு உண்மையாகவே இருக்கும் என்ற பொருளில் சொன்னார். 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-இராமநாதபுரம் பேராயரான லெஸ்லி நியூபிகின் 1969ல் வெளிவந்த தன் நூல் ஒன்றில் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுகிறார். தன் விசுவாசம் முழுவதையும் புதிய ஏற்பாடு சொல்லும் சம்பவங்களின் சரித்திர உண்மைமீது வைக்கத் தான் தயாராயிருப்பதை அறிந்த ராமகிருஷ்ண மடத்து ஆசிரியர் ஒருவர், கற்றவர், பக்திமான், அடைந்த திகைப்பைத் தன்னால் மறக்க முடியவில்லை என்கிறார்.

அந்தத் திகைப்பு நம்முடையது. அதில் மேன்மையும் இருக்கிறது. சத்தியம் ஒரு தேதியில் தொங்க முடியாது என்பது பெரிய எண்ணம். ஐரோப்பாவிலும் புல்ட்மன் 1941லிருந்து இதைத்தான் வேறு பாஷையில் சொன்னார்: உயிர்ப்பு என்பது சிலுவையின் அர்த்தம் சீடர்களின் விசுவாசத்தில் எழுந்தது, செத்த உடம்பின் கதையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். நவீன மனம் இதை நிம்மதியோடு ஏற்றுக்கொள்ளும். நம் புதுக்கவிதையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. சிலுவை அங்கே மலிந்து கிடக்கிறது. முள்முடி, ஆணி, ரத்தம், யூதாஸ், முப்பது வெள்ளிக்காசு எல்லாம் இருக்கின்றன. எழுந்தவனைத்தான் காணோம். பாடுபடும் கவிஞனுக்குச் சிலுவை சௌகரியமான கண்ணாடி. கல்லறைக்கு வெளியே நிற்பவன் அவனுக்கு என்ன பயன்?

அர்த்தம் போதும் என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. யாருக்குப் போதும்? 1937ல் வால்டர் பெஞ்சமினுக்கு ஹோர்க்ஹைமர் எழுதிய கடிதம் இந்தக் கேள்வியைத்தான் தொடுகிறது. கடந்துபோன அநீதி முடிந்துவிட்டது, கொல்லப்பட்டவர்கள் உண்மையிலேயே கொல்லப்பட்டவர்கள்தான், அது முடியவில்லை என்று சொன்னால் கடைசித் தீர்ப்புநாளை நம்ப வேண்டிவரும் என்பது ஹோர்க்ஹைமரின் எச்சரிக்கை. பெஞ்சமின் அதை முழுவதும் ஏற்கவில்லை. நினைவு, முடிந்ததை முடியாததாக்கும் என்றார். இருவரும் யூதர்கள், இருவரும் மார்க்சியர்கள். கேள்வி மக்கபேயர் காலத்துக் கேள்விதான்.

நம்மூரில் கேட்டுப் பார்ப்போம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். பிற்பாடு உயர்நீதிமன்றம் நிலச்சொந்தக்காரர்களை விடுவித்தது. நாம் அவர்களை நினைவில் வைத்திருக்கிறோம். நாவல் எழுதினோம், கவிதை எழுதினோம், தூண் எழுப்பினோம். நினைவு நமக்கு நல்லது செய்கிறது. எரிந்த குழந்தைக்கு அது என்ன செய்தது? எதிர்காலத்தில் வரப்போகும் நியாயமான சமூகம் அந்தச் சாம்பல்மேல் நின்றுதான் நியாயமாக இருக்கும். இந்தக் கணக்கு நேராகாது. மறுபிறப்பு இந்தக் கணக்கை நேர் செய்யும் விதம் பயங்கரமானது: முன்வினை. அர்த்தம் மட்டும் போதும் என்பது எரியாதவர்களின் திருப்தி.

உயிர்ப்பு நடந்தது என்று இதனால் நிரூபணமாகாது. ஒரு ஏக்கத்தின் ஆழம் அதன் உண்மைக்குச் சாட்சி இல்லை. ஆனால் ஏன் அந்த மதம் இதை விட்டுக்கொடுக்க முடியாது என்பது இப்போது விளங்கும். நடக்காவிட்டால் இயேசு, அரசும் கோயிலும் சேர்ந்து கொன்ற நல்லவர்களில் இன்னும் ஒருவர். அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மலைப்பிரசங்கம் அழகான தோல்வி. நடந்தது என்றால், ஒரு உடம்பில் நடந்தது எல்லா உடம்புக்கும் ஆகும் என்று பவுல் கருதினான். அறுவடையின் முதற்கதிர் என்ற உவமையை அதற்குத்தான் எடுத்தான். தனிமனிதனுக்குக் கிடைத்த சித்தி அல்ல, எல்லோருக்கும் கொடுத்த அச்சாரம்.

சாட்சிகளைப் பற்றி ஒன்று. நான்கு சுவிசேஷங்களிலும் கல்லறைக்கு முதலில் போவது பெண்கள். அவர்களுடைய சாட்சியத்திற்கு மதிப்புக் குறைவாயிருந்த காலம் அது. கட்டுக்கதை கட்டுகிறவன் இப்படிக் கட்டமாட்டான் என்பது பழைய வாதம், வலுவானதும்கூட. என்னை அதைவிட அதிகம் தொடுவது மாற்கு முடியும் இடம். சினாய், வத்திக்கான் என்ற மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளிலும் 16வது அதிகாரம் 8வது வசனத்தோடு நின்றுபோகிறது. பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். பயத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவ்வளவுதான். பிற்காலத்தில் யாரோ பொறுக்க முடியாமல் பன்னிரண்டு வசனம் சேர்த்து முடித்து வைத்தார்கள். மாற்குவுக்கு முடிக்கத் தெரியாமல் இல்லை. எழுந்தவனை அவன் காட்டவில்லை. அந்த மௌனத்தில் வெற்றி முழக்கம் இல்லை, பயம் இருக்கிறது. சாவு ஒன்றுதான் நிச்சயம் என்று பழகியவர்களுக்கு அந்த நிச்சயமும் போனால் பயம்தான் வரும்.

6

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தை வெள்ளைக்காரப் பாதிரியின் கையிலிருந்து வாங்கித் தன் மொழியில் சிந்தித்தவர்கள் உண்டு; நம் இலக்கிய உலகம் அவர்களைப் படித்ததில்லை. வேங்கல் சக்கரைச் செட்டியார் வக்கீல், தொழிற்சங்கவாதி, 1941ல் சென்னை மேயர், பின்னாளில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவர். அவர் இயேசுவை அவதாரம் என்றார். சொல்லை எடுத்தார்; ஆனால் அதன் நடுமுள்ளை முறித்துவிட்டு எடுத்தார். நம் அவதாரங்கள் வந்த காரியம் முடிந்ததும் திரும்பிவிடுகின்றன. சக்கரையின் அவதாரம் திரும்பவில்லை. சாவுக்குப் பிறகும் தொடர்கிறது, மனிதர்களுக்குள் இயங்குகிறது. உயிர்ப்பை நம்பாமல் இந்த வாக்கியத்தை எழுத முடியாது. அவருடைய மைத்துனர் செஞ்சையா புதுக்கோட்டையில் நீதிபதி. அவருக்கு இயேசு புதிய சிருஷ்டியின் முதல் மனிதன். கும்பகோணத்து சி.வி.வி.யின் யோகத்திலும் அரவிந்தரிலும், சாவைக் கடந்த உடலைப் பற்றிய அதே தேடலை அவர் கண்டார். தாம்பரத்தில் 1938ல் உலக மிஷனரி மாநாடு கூடியபோது இவர்களும் நண்பர்களும் சேர்ந்து வெளியிட்ட நூல், கிறிஸ்தவத்தை இந்தியாவில் மறுபரிசீலனை செய்வது பற்றியது. ஒருவர் தொழிற்சங்கத் தலைவர், ஒருவர் நீதிபதி. உயிர்ப்பைப் பற்றி நம்மிடையே தீவிரமாக யோசித்தவர்கள், கூலியைப் பற்றியும் தீர்ப்பைப் பற்றியும் தினசரி யோசிக்க வேண்டியிருந்தவர்கள்.

7

கடைசியாக, விசுவாசிகளுக்கு. நம்பாதவனுக்கு இதைச் சொல்ல உரிமை உண்டா என்று கேட்கலாம். கடன்காரனிடம் பத்திரத்தைக் காட்ட யாருக்கும் உரிமை உண்டு.

வடக்கன்குளத்தில் 1872ல் கட்டி முடித்த கோயில், சாதிக்கொரு பக்கமாக இரண்டு கால்களோடு கட்டப்பட்டது. நடுத்தடுப்பு 1910ல்தான் இடிக்கப்பட்டது. அது உயிரோடிருப்பவர்களின் தடுப்பு. அவர்கள் பேராசையும் பயமும் உள்ளவர்கள் என்று மன்னித்துவிடலாம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்து நின்ற சுவரைப் பற்றிப் பத்திரிகைகளில் பலமுறை செய்தி வந்தது. அந்தச் சுவர் வேறு ரகம். செத்த உடம்புகளுக்கு நடுவில் ஒரு சுவர். ஞாயிறுதோறும் சரீரங்கள் எழும் என்று சொல்லும் ஒரு கூட்டம், எழும்போது யார் பக்கத்தில் எழுவது என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்த சுவர்.

ஆத்மா மட்டும் மோட்சத்துக்குப் போகும் என்று நம்புகிறவன் இந்தச் சுவரைக் கட்டலாம். அவனுக்கு உடம்பு குப்பை. முன்வினையை நம்புகிறவன் கட்டலாம். அவனுக்குச் சாதி கணக்குப் புத்தகம். கழுவேற்றப்பட்ட ஒருவனின் உடம்பை, காயங்களோடு, கடவுள் எழுப்பினார் என்று நம்புகிறவன் மட்டும் கட்ட முடியாது. கட்டினால் அவன் நம்பவில்லை என்றுதான் அர்த்தம். கொரிந்தியருக்கு எழுதிய பவுல் அவனுக்காகத்தான் எழுதினான்.

பொருந்தலில் அந்த ஜாடியை வைத்தவர்கள் எதை நம்பினார்கள் என்பது நமக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஆனால் இரண்டு கிலோ நெல் என்பது, பசித்த ஒரு காலத்தில், லேசாகக் கொடுக்கக்கூடிய பொருள் இல்லை. நம்பியதற்கு அவர்கள் தங்கள் களத்திலிருந்து எடுத்து வைத்தார்கள்.

ஞாயிறுதோறும் அதைவிடப் பெரிதாகச் சொல்கிறவர்கள் என்ன எடுத்து வைத்திருக்கிறார்கள்?